கோபாலன் போட்ட கணக்கு

வினாடி வினா நடத்துகிறவர்களுக்கு எம்.ஜே. கோபாலன் ஒரு வரப்பிரசாதம். ரஞ்சி டிராபியின் முதல் பந்தை வீசியவர் யார்? கோபாலன். கிரிக்கெட், ஹாக்கி இரண்டிலும் இந்தியாவுக்காக ஆடிய மெட்ராஸ்காரர் யார்? கோபாலன். பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கியை விட்டுவிட்டுக் கிரிக்கெட் அணியோடு இங்கிலாந்துக்குக் கப்பலேறி, அங்கே ஒரு டெஸ்டில்கூட இறங்காமல் ஊர் திரும்பியவர் யார்? அதுவும் கோபாலன்தான். மூன்றாவது விடையைச் சொன்னதும் கூட்டத்திலிருந்து ஒரு ‘அடப்பாவமே’ வரும். எங்கள் குடியிருப்பில் பொங்கலன்று பிள்ளைகளை உட்காரவைத்து வினாடி வினா நடத்துகிற வேலை வெகுநாளாக என் தலையில்தான். அந்த ‘அடப்பாவமே’ எந்த நொடியில் வரும் என்பது எனக்கு அத்துப்படி.

அந்த ‘அடப்பாவமே’யோடு இப்போது எனக்கு ஒரு தகராறு. கோபாலனைப் பற்றி எழுதுகிறவர்கள் 1936-க்கு வந்ததும் ‘தவறான முடிவு’ என்று ஒரு வரி போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். முடிவு அவருடையதுதான், மறுக்கவில்லை. தவறையும் சேர்த்து அவர் கணக்கிலேயே எழுதிவிடுகிறார்களே, அங்கேதான் இடிக்கிறது.

மொறப்பாக்கம் ஜோஸ்யம் கோபாலன். ஊர் செங்கல்பட்டுப் பக்கம், சென்னைக்குத் தெற்கே ஐம்பது மைல் தள்ளி. சிறுவயதிலேயே குடும்பம் திருவல்லிக்கேணிக்கு வந்துவிட்டது. திருவல்லிக்கேணியில் வளர்கிற பையனுக்கு விளையாட்டு தொற்றாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஒரு பக்கம் மெரினா மணல், இன்னொரு பக்கம் நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் சேப்பாக்கம் மைதானம். ஆனால் அந்த மைதானம் அன்று நம் ஆட்களுடையதாக இல்லை. அது மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பின் சொத்து, கிளப்போ வெள்ளைக்காரர்களுடையது. ஆடப் போன இந்தியர்களுக்குப் பெவிலியனில் இடமில்லை, மரத்தடியில் உட்கார்ந்து மதியச் சாப்பாட்டை முடித்துக்கொள்ள வேண்டும். அந்த அவமானம் பொறுக்காமல்தான் புச்சி பாபு நாயுடு 1888-இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார் என்பது சென்னைக் கிரிக்கெட்டின் தலபுராணம். அவர் 1908-இல் காலமானார். அவர் முன்னின்று ஏற்பாடு செய்த இந்தியர் - ஐரோப்பியர் ஆட்டம் பிற்பாடு வருஷா வருஷம் பொங்கலை ஒட்டி நடக்கிற பிரசிடென்சி மேட்ச் ஆயிற்று. ஊரே திரண்டு வந்து பார்த்த ஆட்டம் அது. ‘பொங்கல் மேட்ச்’ என்றால் அந்தத் தலைமுறைக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. கோபாலன் பேர் வாங்கியது அந்த ஆட்டங்களில்தான்.

கோபாலனைக் கண்டெடுத்தவர் சி.பி. ஜான்ஸ்டன். கேம்பிரிட்ஜுக்கும் கென்ட் கவுண்டிக்கும் ஆடிய இடதுகை மட்டையாளர், மெட்ராஸில் பர்மா ஷெல் கம்பெனியில் பெரிய உத்தியோகம். வெள்ளைக்காரர்களின் அணிக்குத் தலைமை தாங்கியவர், அதே சமயம் மெட்ராஸ் கிரிக்கெட்டுக்கு அடித்தளம் போட்டவர்களிலும் ஒருவர். ஆட்களை எடைபோடுகிற கண் அவருக்கு இருந்தது. நல்ல உடல்வாகுள்ள, பந்தை வேகமாகத் தரையில் குத்தி எழுப்புகிற இந்தத் திருவல்லிக்கேணி இளைஞரைப் பார்த்ததும் ஜான்ஸ்டன் இரண்டு காரியம் செய்தார். பர்மா ஷெல்லில் ஒரு வேலை, திருவல்லிக்கேணி கிரிக்கெட் கிளப்பில் ஓர் இடம்.

முதலாவதுதான் பெரிய உதவி என்று நினைக்கிறேன். அந்தக் காலத்தில் இந்தியாவில் கிரிக்கெட் ஆடியவர்களை நான் மூன்று வகையாகப் பிரிப்பேன். சொந்தக் காசு உள்ளவர்கள் ஒரு வகை, மில் முதலாளி வீட்டுப் பிள்ளையான விஜய் மெர்ச்சன்ட் போல. ராஜா கிடைத்தவர்கள் இன்னொரு வகை, இந்தூரில் ஹோல்கர் மகாராஜா கர்னல் பட்டம் கொடுத்து வைத்துக்கொண்ட சி.கே. நாயுடு போல. மூன்றாவது, ஆபீஸ் கிடைத்தவர்கள். மெட்ராஸில் கிரிக்கெட் பைத்தியம் பிடித்த மகாராஜா யாரும் இல்லை. அதனால் இந்த ஊர் ஆட்டக்காரனுக்கு ஆபீஸ்தான் அரண்மனை, மேனேஜர்தான் மகாராஜா. மாதம் பிறந்தால் சம்பளம், மேட்ச் வந்தால் லீவு. டெஸ்ட் ஆடினால் கைக்கு வருவது தொப்பியும் நாலு பத்திரிகைத் துணுக்கும்தான். ஸ்டேட் பாங்க், ஐ.சி.எஃப்., இந்தியா பிஸ்டன்ஸ் என்று பிற்காலத்தில் லீக் ஆட்டக்காரர்களுக்கு வேலை கொடுத்து வைத்திருந்த ஏற்பாட்டின் ஆரம்ப வடிவம் இது. எங்கள் தெருவிலேயே அப்படி வேலைக்குச் சேர்ந்த ஒரு ஆஃப் ஸ்பின்னர் இருந்தார். மேஜையில் அவரைப் பார்த்தவர்கள் குறைவு, மைதானத்தில் பார்த்தவர்களே அதிகம் என்று கேலி பேசுவார்கள். ஆனால் ரிடையர் ஆகும்வரை அந்தக் குடும்பம் சாப்பிட்டது அந்த மேஜையால்தான்.

ஹாக்கி வந்த கதை இன்னும் எளிமையானது. சேப்பாக்கம் மைதானத்துக்குப் பின்புறம் பையன்களோடு கோபாலன் மட்டையைச் சுழற்றிக்கொண்டிருந்ததை ராபர்ட் சம்மர்ஹேஸ் என்பவர் பார்த்திருக்கிறார். அவர்தான் ஹாக்கிக்குள் இழுத்துவிட்டவர். ஒருவர் இரண்டு ஆட்டம் ஆடுவதில் அன்று யாருக்கும் வியப்பில்லை. கிரிக்கெட் மூன்று நான்கு மாதக் காரியம், மிச்சமுள்ள மாதங்களில் ஆளுக்கொரு ஹாக்கி, கால்பந்து, டென்னிஸ் வைத்திருந்தார்கள். வியப்பு என்னவென்றால் இரண்டிலுமே நாட்டின் அணிவரைக்கும் போனதுதான். அப்படிப் போனவர்களை எண்ண இரண்டு கைவிரல்கூட வேண்டியதில்லை.

அவருடைய டெஸ்ட் வாழ்க்கையைச் சொல்லி முடிக்க ஒரு பத்தி போதும். 1933-34-இல் டக்ளஸ் ஜார்டின் தலைமையில் இங்கிலாந்து அணி வந்தது. இந்திய மண்ணில் நடந்த முதல் டெஸ்ட் தொடர். இரண்டாவது டெஸ்ட் 1934 ஜனவரி 5 அன்று கல்கத்தா ஈடன் கார்டனில் தொடங்கியது. கோபாலன் அதில் இறங்கினார். அதே ஆட்டத்தில்தான் முஷ்டாக் அலியும் முதல் டெஸ்ட் ஆடினார். விக்கெட் கீப்பர் திலாவர் ஹுசைனுக்கும் அதுதான் முதல் டெஸ்ட். தலையில் அடிபட்டுக் கட்டுப்போட்டுக்கொண்டு திரும்பிவந்து இரண்டு இன்னிங்ஸிலும் அரைசதம் அடித்தார் மனிதர். இங்கிலாந்து 403, இந்தியா 247, ஃபாலோ ஆன், மறுபடி 237, ஆட்டம் டிரா. கோபாலன் எடுத்தது முதல் இன்னிங்ஸில் அவுட் ஆகாமல் 11, இரண்டாவதில் 7. பந்துவீச்சில் 39 ரன்னுக்கு ஒரு விக்கெட். மோசமும் இல்லை, ஆஹா என்று சொல்லவும் இல்லை. முதல் டெஸ்டில் கீழ்வரிசையில் இறங்கும் மிதவேகப் பந்துவீச்சாளர் இதற்குமேல் என்ன செய்துவிட முடியும்?

அடுத்த டெஸ்ட் எங்கே? சேப்பாக்கத்தில். 1934 பிப்ரவரி 10. சென்னையில் நடந்த முதல் டெஸ்ட். எந்த மைதானத்தின் பின்புறம் பையன்களோடு விளையாடினாரோ, எந்த மைதானத்தில் பொங்கல் மேட்ச் ஆடிப் பேர் வாங்கினாரோ, அதே மைதானம். கோபாலன் பதினோரு பேரில் இல்லை.

அந்த ஆட்டத்தில் புதிதாக இடம்பெற்றவர் பாட்டியாலா யுவராஜா யாதவீந்திர சிங். அரண்மனைப் பிள்ளை என்பதால் நுழைந்தார் என்று திட்டித் தீர்த்துக்கொள்ளலாம் என்றால் அதற்கும் அவர் வழிவிடவில்லை. 24-உம் 60-உம் அடித்தார். இங்கிலாந்தின் சுழற்பந்து வீச்சாளர் வெரிட்டி பதினோரு விக்கெட் எடுத்து இந்தியாவைச் சுருட்டினார், இங்கிலாந்து 202 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தது. கோபாலனுக்கு அதன்பிறகு டெஸ்ட் ஆடும் வாய்ப்பு வரவே இல்லை. அவருடைய டெஸ்ட் கணக்கு மொத்தமும் அந்தக் கல்கத்தா நான்கு நாளோடு சரி.

ஆனால் அதே வருஷக் கடைசியில் ஒரு முதல் அவருக்காகக் காத்திருந்தது. ரஞ்சித்சிங்ஜி 1933-இல் இறந்துபோக, அவர் பெயரில் மாகாண அணிகளுக்கிடையே ரஞ்சி டிராபி என்ற தேசியப் போட்டி உருவானது. அதன் முதல் ஆட்டம் 1934 நவம்பர் 4, ஞாயிற்றுக்கிழமை, சேப்பாக்கத்தில். மெட்ராஸும் மைசூரும். முதல் பந்தை வீசியவர் கோபாலன், எதிரே நின்றவர் மைசூரின் கர்டிஸ். இதுவரைதான் எல்லாரும் சொல்வார்கள். அன்று மாலைக்குள்ளேயே ஆட்டம் முடிந்துவிட்டது என்பதைச் சொல்ல மறந்துவிடுவார்கள். மைசூர் 48 ஆல் அவுட், மெட்ராஸ் 130, மறுபடி மைசூர் 59. இன்னிங்ஸும் 23 ரன்னும் வித்தியாசம், ஒரே நாளில். அமிர்தசரஸிலிருந்து வந்து மெட்ராஸ்காரராகவே ஆகிவிட்ட ஏ.ஜி. ராம் சிங் 35 ரன் கொடுத்து 11 விக்கெட் சாய்த்தார். அவ்வளவு திறமை இருந்தும் ராம் சிங் அதிகாரபூர்வ டெஸ்ட் ஒன்றுகூட ஆடவில்லை. அவர் பிள்ளைகள் கிருபாலும் மில்காவும் ஆடினார்கள். அன்றைய மெட்ராஸ் அணியில் யார் வாழ்க்கையைத் தொட்டாலும் இப்படி ஒரு குறை இருக்கும். பம்பாயிலும் வடக்கேயும் இருந்த ஆட்டக்காரர்களுக்குக் கிடைத்த பேச்சாதரவு தெற்கே யாருக்கும் இல்லை.

1935-இல் ஹாக்கி. தியான் சந்த் தலைமையில் இந்திய அணி நியூசிலாந்துக்குப் போனது, வழியில் இலங்கையிலும் பிறகு ஆஸ்திரேலியாவிலும் ஆட்டங்கள். மொத்தம் 48 ஆட்டம், 584 கோல். தியான் சந்த் மட்டும் 201. எதிர்த்து ஆடியவர்களை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. அந்த அணியில் கோபாலன் இருந்தார். மாதக்கணக்கில் கப்பல், ரயில், ஊர் ஊராக ஆட்டம். ஆபீஸில் இத்தனை மாதம் ஒரு குமாஸ்தா லீவு கேட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். விளையாட்டு தெரிந்த மேலதிகாரி இருந்ததால்தான் அவரால் போய்விட்டு வர முடிந்திருக்கும் என்பது என் ஊகம்.

இப்போது 1936-க்கு வருவோம். அந்த வருஷத் தொடக்கத்தில் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியிலேயே நாமும் உட்கார்ந்து பார்ப்போம்.

இரண்டு வழி. கிரிக்கெட் அணி வசந்த காலத்தில் இங்கிலாந்துக்குக் கிளம்புகிறது, செப்டம்பர்வரை சுற்றுகிறது. ஒலிம்பிக் ஆகஸ்டில், பெர்லினில். இரண்டுக்கும் போக முடியாது. ஹாக்கியில் இந்தியா 1928-இலும் 1932-இலும் தங்கம் வாங்கிவிட்டது. 1932-இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஹாக்கி ஆட வந்தவையே மூன்று அணிகள், அமெரிக்காவை இந்தியா 24-1 என்று அடித்தது. அப்படிப்பட்ட ஆட்டத்தில் தங்கத்தின் மதிப்பு இன்று நாம் மதிப்பிடுகிற மாதிரி அன்று மதிப்பிடப்பட்டிருக்குமா? அரசாங்கப் பரிசோ, கோடி ரூபாயோ, வீட்டுமனையோ கிடையாது. அணியை அனுப்பவே கடன் வாங்கியும் நிதி திரட்டியும்தான் சமாளித்தார்கள். மேலும், நியூசிலாந்து போய்வந்தவர் என்பதால் ஒலிம்பிக் இடம் நிச்சயம் என்று யாரும் எழுதிக்கொடுக்கவில்லை. தேர்வு ஆட்டங்கள் இருந்தன, எல்லா மாகாணத்திலும் போட்டியாளர்கள் இருந்தார்கள்.

இன்னொரு பக்கம் கிரிக்கெட். தேர்வாகியாயிற்று. இடம் கையில் இருக்கிறது. லார்ட்ஸ் இருக்கிறது, ஓல்ட் டிராஃபோர்ட் இருக்கிறது, மூன்று டெஸ்ட் இருக்கிறது. ஒரே டெஸ்டில் ஆடவிட்டுச் சொந்த ஊர் டெஸ்டில் வெளியே உட்காரவைக்கப்பட்ட ஒரு பந்துவீச்சாளர், வயது இருபத்தாறு, இருபத்தேழு. மேகமூட்டமும் ஈரமும் உள்ள இங்கிலாந்தில் மிதவேகப் பந்து எப்படித் திரும்பும் என்று கேள்விப்பட்டிருப்பார். இந்த நிலையில் எந்தப் பந்துவீச்சாளர் கப்பலேறாமல் இருப்பார்? நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். கையில் இருக்கிற உறுதியான ஒன்றைப் பிடித்துக்கொள்வதை நம் வீட்டில் யாராவது செய்தால் புத்திசாலித்தனம் என்போம்.

கப்பலில் என்ன ஏறியது என்பதுதான் அவருக்குத் தெரியாது. அணித் தலைவர் விஜயநகரம் மகாராஜ்குமார், சுருக்கமாக ‘விஜ்ஜி’. விஜயநகரம் அன்று மெட்ராஸ் மாகாணத்தில் இருந்த ஊர்தான், ஆனால் இவர் கடையை விரித்தது காசியில். அங்கே சொந்தமாக மைதானம் கட்டி, 1930-31-இல் ஹாப்ஸையும் சட்கிளிஃபையும் இங்கிலாந்திலிருந்து வரவழைத்துத் தன் அணியில் ஆடவைத்தவர். கிரிக்கெட்டின்மேல் ஆசை இருந்தது, செலவழிக்கப் பணம் இருந்தது, ஆட்டம் மட்டும் வரவில்லை. சி.கே. நாயுடு அணியில் இருக்கும்போதே இவர் தலைவரானார். மூன்று டெஸ்டில் ஆறு இன்னிங்ஸ் ஆடி மொத்தம் 33 ரன். சுற்றுப்பயணத்தின் நடுவிலேயே அவருக்கு ‘சர்’ பட்டம் வேறு கிடைத்தது. டெஸ்ட் ஆடும்போதே பட்டம் வாங்கியவர் என்ற பெருமை உண்டு. எதற்காக என்று கேட்கக் கூடாது.

அணி இரண்டாகப் பிளந்தது. நாயுடு பக்கம் நிற்பவர்கள், விஜ்ஜி பக்கம் நிற்பவர்கள். எஸ்செக்ஸுக்கு எதிராக இரண்டு இன்னிங்ஸிலும் சதம் அடித்த லாலா அமர்நாத்தை, முதல் டெஸ்டுக்கு முன்பே, ஒழுங்கீனம் என்று சொல்லி ஊருக்குக் கப்பலேற்றினார்கள். லார்ட்ஸில் ஓர் ஆட்டத்தில் பேடு கட்டிக்கொண்டு தயாராக இருக்கச் சொல்லிவிட்டு, அவரை உட்காரவைத்து வேறு ஆட்களை அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் பொறுமை இழந்து பேடைக் கழற்றியெறிந்து பஞ்சாபியில் ஏதோ சொன்னார். அதுதான் குற்றம். ஊர் வந்தபின் பியூமான்ட் குழு விசாரித்து, 1937 ஜனவரியில் அமர்நாத்மேல் தப்பில்லை என்றும் விஜ்ஜியின் தலைமை சரியில்லை என்றும் சொல்லிவிட்டது. மெர்ச்சன்டை ரன் அவுட் ஆக்கச் சொல்லி முஷ்டாக் அலியின் காதில் ஓதப்பட்டது என்பது பல வருஷம் கழித்து வெளிவந்த இன்னொரு கதை. ஓவல் டெஸ்டில் பாகா ஜிலானிக்கு இடம் கிடைத்ததே, காலைச் சிற்றுண்டி மேஜையில் நாயுடுவை அவமதித்ததற்குப் பரிசு என்று அந்த அணியில் இருந்தவர்களே பேசிக்கொண்டார்கள்.

அந்த ஜிலானி ஒரு பந்துவீச்சாளர் என்பதைக் கவனியுங்கள். வெளியே உட்கார்ந்திருந்தவர் கோபாலன் மட்டும் இல்லை. வங்காளத்தின் ஷூட் பானர்ஜியும் இருந்தார். பானர்ஜி தன் முதல் டெஸ்டுக்கு 1949 வரை காத்திருந்தார். இது போதாதென்று சுற்றுப்பயண அணிக்கு வெளியேயிருந்தும் ஆட்களைக் கூப்பிட்டார்கள். லங்காஷயர் லீகில் ஆடிக்கொண்டிருந்த அமர் சிங், கேம்பிரிட்ஜில் இருந்த ஜஹாங்கீர் கான், ஊரிலிருந்து வரவழைத்த சி.எஸ். நாயுடு. (ஜஹாங்கீர் கான் அந்த ஜூலையில் லார்ட்ஸில் கேம்பிரிட்ஜுக்காகப் பந்து வீசும்போது பறந்துபோன சிட்டுக்குருவி ஒன்று பந்தில் அடிபட்டுச் செத்தது. அந்தக் குருவியைப் பதப்படுத்தி லார்ட்ஸில் இன்றும் வைத்திருக்கிறார்கள்.)

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். முகமது நிசாரும் அமர் சிங்கும் உலகத்தின் எந்த அணியிலும் புதுப்பந்தைப் பிடித்திருக்கக்கூடிய ஜோடி. லார்ட்ஸில் அமர் சிங் 35 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்து இங்கிலாந்தையே 134-இல் மடக்கினார். அவர்களை நகர்த்திவிட்டுக் கோபாலனைப் போட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. மூன்றாவது பந்துவீச்சாளர் இடத்துக்குத்தான் போட்டி. அந்த மூன்றாவது இடம் பந்தைப் பார்த்துக் கொடுக்கப்படவில்லை, யார் யாரோடு சாப்பிட்டார்கள் என்பதைப் பார்த்துக் கொடுக்கப்பட்டது. திருவல்லிக்கேணியிலிருந்து கணக்குப் போட்டவருக்கு இது எப்படித் தெரியும்?

1936 ஆகஸ்ட் 15, சனிக்கிழமை. ஓவலில் மூன்றாவது டெஸ்ட் தொடங்குகிறது. இங்கிலாந்தின் ஹேமண்ட் இரட்டைச் சதத்தை நோக்கி அடித்துக்கொண்டிருக்கிறார், இந்தியா பந்து பொறுக்கிக்கொண்டிருக்கிறது. அதே நாள் பெர்லினில் ஹாக்கி இறுதி ஆட்டம். மழையால் ஒருநாள் தள்ளிப்போயிருக்காவிட்டால் 14-ஆம் தேதியே முடிந்திருக்கும். இந்தியா ஜெர்மனியை 8-1 என்று தோற்கடித்தது. அந்த ஒலிம்பிக் முழுக்க இந்தியா அடித்தது 38 கோல், வாங்கியது அந்த ஒன்றே ஒன்று. ‘அடப்பாவமே’ எல்லாம் இந்த ஒற்றை நாளில் வந்துதான் குவிகிறது. தேதிகள் இப்படிப் பொருந்திக்கொண்டால் யாருக்கும் கதை பண்ணத் தோன்றும்தான். அதனாலேயே இந்தத் தேதியின்மேல் எனக்குக் கொஞ்சம் சந்தேகம். அழகாக இருப்பதால் காரணமாகவும் இருக்க வேண்டும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

அதே கப்பலில் இன்னொரு மெட்ராஸ்காரரும் போனார். அவர் கதையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கோபாலன் கதை சரியாகத் தெரியும்.

கோட்டா ராமஸ்வாமி. புச்சி பாபுவின் கடைசி மகன். தாய்வழித் தாத்தாவுக்குத் தத்துப் போனதால் ‘கோட்டா’. கேம்பிரிட்ஜில் படித்தவர், 1922-இல் டேவிஸ் கோப்பை டென்னிஸில் இந்தியாவுக்கு ஆடியவர். பிறகு விவசாய இலாகாவில் உத்தியோகம். அதாவது அந்த மெட்ராஸ் ஜோடியில் இருவருமே இரண்டு ஆட்டங்களில் நாட்டுக்கு ஆடியவர்கள். ஒருவருக்கு டென்னிஸ், ஒருவருக்கு ஹாக்கி. ஆனால் இருவரும் வந்த படிகள் வேறு வேறு. ராமஸ்வாமி பிறந்த வீட்டிலேயே ஆடுகளம் இருந்தது, கோபாலனுக்கு ஆடுகளத்தின் பின்புறம் இருந்தது.

ராமஸ்வாமிக்கு அப்போது நாற்பது வயது. இந்த வயதில் எதற்கு இவர் என்று முணுமுணுப்பு எழுந்தது, எழத்தானே செய்யும். ஓல்ட் டிராஃபோர்ட் டெஸ்டில் அவரை இறக்கினார்கள். அந்த டெஸ்டின் இரண்டாம் நாள் இரண்டு அணியும் சேர்ந்து 588 ரன் எடுத்தன. டெஸ்ட் வரலாற்றில் ஒரே நாளில் அதைவிட அதிகம் எவரும் எடுத்ததில்லை. மெர்ச்சன்டும் முஷ்டாக் அலியும் முதல் விக்கெட்டுக்கு 203 அடித்த ஆட்டம் அது. அதில் ராமஸ்வாமி 40-உம் 60-உம். ஓவலில் 29-உம் அவுட் ஆகாமல் 41-உம். இரண்டு டெஸ்ட், 170 ரன், சராசரி 56.66. முணுமுணுத்தவர்கள் வாயை மூடினார்களா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை. அதன்பிறகு அவருக்கும் டெஸ்ட் கிடையாது.

அவருடைய முடிவு வேறு மாதிரி. 1985 அக்டோபர் 15 அன்று, எண்பத்தொன்பது வயதில், வீட்டைவிட்டுக் கிளம்பிப் போனவர் திரும்பவே இல்லை. கிரிக்கெட் பதிவேடான விஸ்டன் ஆண்டுமலர் அவரை ‘இறந்ததாகக் கருதப்படுகிறார்’ என்று பதிய வேண்டியதாயிற்று. ராமஸ்வாமி என்றதும் எல்லாரும் இந்த மர்மத்தைத்தான் பேசுகிறார்கள், அந்த 60 ரன்னைப் பேசுவதில்லை. கோபாலனுக்குக் கைநழுவிய ஒரு தங்கம், ராமஸ்வாமிக்கு ஒரு தலைமறைவு. மெட்ராஸ் தந்த இரண்டு அரிய ஆட்டக்காரர்கள், ஆளுக்கொரு துணுக்குச் செய்தியாகச் சுருங்கிவிட்டார்கள்.

கோபாலன் இங்கிலாந்திலிருந்து திரும்பிவந்து சுணங்கி உட்கார்ந்துவிடவில்லை. இதையும் பாவப்படுகிறவர்கள் கவனிப்பதில்லை. 1926-27-இல் முதல்தரக் கிரிக்கெட்டுக்குள் வந்தவர் 1951-52 வரை ஆடிக்கொண்டிருந்தார். கால் நூற்றாண்டு. மட்டையாளராகவும் தேறி, ஆல்ரவுண்டர் என்று சொல்லும்படி ஆனார். முதல்தர ஆட்டங்களில் 190 விக்கெட்டைத் தாண்டியிருக்கிறார். இன்றைய கணக்கில் இது சின்ன எண். அன்று வருஷத்துக்கு நாலைந்து முதல்தர ஆட்டம் கிடைத்தாலே பெரிது. இரண்டு மூன்று ரஞ்சி ஆட்டம், ஒரு பொங்கல் மேட்ச், எப்போதாவது ஓர் அயல்நாட்டு அணி, நடுவில் ஒரு உலகப்போர். அதற்குள் இத்தனை விக்கெட் என்றால், சேப்பாக்கத்து வெயிலில் ஒரு மிதவேகக்காரர் நாற்பதை நெருங்கியும் ஓடிவந்து வீசிக்கொண்டே இருந்திருக்கிறார் என்று அர்த்தம். பிறகு தேசியத் தேர்வாளராகவும் இருந்தார். மூன்றாவது இடத்துக்கு ஆள் எடுக்கிற அறையில் உட்கார்ந்திருந்தபோது 1936 அவர் மனசில் ஓடியிருக்காதா?

பிறந்த வருஷம் பதிவுகளில் 1909 ஜூன். 1906 என்றும் ஒரு கணக்கு உண்டு. 2003 டிசம்பர் 21 அன்று சென்னையில் காலமானபோது, உயிரோடிருந்த டெஸ்ட் ஆட்டக்காரர்களில் உலகத்திலேயே மூத்தவர் அவர்தான். எந்தக் கணக்கை எடுத்தாலும்.

இதையெல்லாம்விட அவர் பெயர் அதிகம் உழைத்த இடம் ஒன்று உண்டு, அதைச் சென்னையைவிட இலங்கைப் பெரியவர்கள் நன்றாக நினைவில் வைத்திருக்கிறார்கள். அவருடைய இருபத்தைந்து ஆண்டு ஆட்டத்தைக் கொண்டாட 1952-53-இல் மெட்ராஸும் சிலோனும் ஆடும் கோபாலன் டிராபி தொடங்கப்பட்டது. ஒருமுறை இங்கே, ஒருமுறை கொழும்பில். அன்று சிலோனுக்கு டெஸ்ட் அந்தஸ்து இல்லை. ஆஸ்திரேலியா போகிற வழியில் கப்பலை நிறுத்திவிட்டு ஒருநாள் ஆடிவிட்டுப் போகிற இங்கிலாந்துக்காரர்களை விட்டால், வருஷம் தவறாமல் கிடைத்த தரமான ஆட்டம் இதுதான். 1970-களின் நடுப்பகுதிவரை இந்த ஏற்பாடு ஓடியது. ஒரு தலைமுறை இலங்கை ஆட்டக்காரர்களுக்குச் சேப்பாக்கம் பழகிய இடமாயிற்று. ஒரே டெஸ்ட் ஆடியவர் பெயரில் இருந்த கோப்பை, டெஸ்டே ஆடாத நாட்டுக்குப் பயிற்சிப் பட்டறையாக இருந்திருக்கிறது.

1981-இல் இலங்கைக்கு டெஸ்ட் அந்தஸ்து வந்தது. 1982 பிப்ரவரி 17 அன்று கொழும்பு சரவணமுத்து மைதானத்தில், தமிழ் யூனியன் கிளப்பின் திடலில், இங்கிலாந்துக்கு எதிராக முதல் டெஸ்ட் ஆடினார்கள். இந்திய மண்ணில் அவர்களுடைய முதல் டெஸ்ட் அதே வருஷம் செப்டம்பரில், சேப்பாக்கத்தில். இந்தியா அன்று ஜெயித்துவிடும் என்றுதான் ஊரே நினைத்தது. துலீப் மெண்டிஸ் முதல் இன்னிங்ஸில் 105 அடித்தார், இரண்டாவது இன்னிங்ஸில் மறுபடியும் 105 அடித்தார், ஆட்டம் டிராவில் முடிந்தது.